பழைய காருக்கு எல்.இ.டி. இண்டிகேட்டர்: பல்புக்கு முன் பிளாஷரைக் கவனியுங்கள்

இண்டிகேட்டர் பல்பை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. லென்ஸின் திருகுகளைக் கழற்றி, பழைய பல்பை அழுத்தித் திருப்பி எடுத்து, புதியதைச் செருகினால் முடிந்தது. ஆனால் பழைய காரில் எல்.இ.டி. பல்பைச் செருகிவிட்டு சுவிட்சைத் தள்ளினால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். விளக்கு அணையாமல் எரிந்தபடியே நிற்கும். இல்லையென்றால் படபடவென்று இரட்டை வேகத்தில் துடிக்கும். அதுவும் இல்லையென்றால் இடப்பக்கம் போட்டதற்கு நான்கு மூலையும் சேர்ந்து மின்னும். மூன்றிலும் பல்பின் மேல் பழி போடுவதில் பயனில்லை. இழை பல்பு இழுக்கும் மின்னோட்டத்தை நம்பியே அந்தக் காலத்து இண்டிகேட்டர் சுற்று அமைக்கப்பட்டது. அந்த மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியதும் சுற்று தடுமாறுகிறது. ஆகவே இங்கே பல்பைவிட, விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷர் என்ற சிறு கருவிக்கும் வயரிங்குக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. பழைய வயர்கள், சுவிட்சின் தேய்ந்த தொடுமுனைகள், பியூஸ் பெட்டி எல்லாவற்றின் மீதும் சுமை குறையும். நடுக்கத்தில் இழை அறுந்துபோகும் தொல்லை இருக்காது. இழை பல்பு முழு ஒளியை எட்டுவதற்கு ஏறத்தாழ கால் நொடி பிடிக்கும், எல்.இ.டி. அந்த நொடியே எரியும். சட்டென்று எரிந்து சட்டென்று அணையும் விளக்கு பகலிலும் கண்ணை இழுக்கும்.

மாறாக, உங்கள் இண்டிகேட்டர் மங்கலாகத் தெரிகிறது என்பது மட்டும்தான் குறை என்றால், முதலில் லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். உள்பக்கம் தூசிப்படலம், பளபளப்பு போன ரிப்ளெக்டர், கறுத்த பல்பு, துருப்பிடித்த ஹோல்டர் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்கும். அவற்றைச் சரிசெய்து புதிய இழை பல்பைப் போட்டாலே பலருக்குப் போதும். துருப்பிடித்த ஹோல்டரில் விலை உயர்ந்த எல்.இ.டி.யைச் செருகுவது வீண்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான நாடுகளில் ஒரு விளக்குக்கான அங்கீகாரம் அதற்குள் இருக்கும் பல்பு வகையோடு சேர்த்தே தரப்படுகிறது. ஐ.நா. வாகன விதிமுறைகளில் இழை பல்புகளுக்கு 37-ஆம் எண்ணும், எல்.இ.டி. ஒளிமூலங்களுக்கு 128-ஆம் எண்ணும் தனித்தனியே இருக்கின்றன. இழை பல்புக்காக அங்கீகரிக்கப்பட்ட விளக்கில் வேறொன்றைப் போட்டால் வாகனச் சோதனையில் தடை வரலாம். உங்கள் ஊர் விதி என்ன சொல்கிறது என்பதைப் பணம் செலவழிக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பழைய சுற்று எப்படி வேலை செய்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் படிகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

வழக்கமான 12 வோல்ட் காரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என ஒரு பக்கத்துக்கு இரண்டு 21 வாட் பல்புகள். பக்கவாட்டில் ஒரு 5 வாட் பல்பும் இருக்கலாம். மொத்தம் 47 வாட், அதாவது ஏறத்தாழ 4 ஆம்பியர். பிளாஷரின் உறையில் 2×21 வாட் + 5 வாட் என்று அச்சிட்டிருப்பதன் பொருள் இதுதான். அதே இடத்தில் எல்.இ.டி. பல்புகளைப் போட்டால் ஒவ்வொன்றும் 0.1 முதல் 0.4 ஆம்பியர்தான் எடுக்கும்.

மிகப் பழைய கார்களில் இருப்பது வெப்பப் பிளாஷர். பல்புக்குப் போகும் மின்னோட்டமே அதற்குள் இருக்கும் கம்பியையோ ஈருலோகத் தகட்டையோ சூடாக்கும். சூட்டில் தகடு வளைந்து தொடர்பு மாறும், ஆறியதும் திரும்பும், மீண்டும் சூடாகும். டேஷ்போர்டுக்குள்ளிருந்து கேட்கும் ‘டிக் டிக்’ அந்தத் தகட்டின் ஒலிதான். எல்.இ.டி. எடுக்கும் சொற்ப மின்னோட்டத்தில் தகடு சூடாவதே இல்லை. அதனால்தான் விளக்கு மின்னாமல் எரிந்தபடி நிற்கிறது.

பின்னால் வந்த கார்களில் இருப்பது எலெக்ட்ரானிக் பிளாஷர். இதில் நேரத்தை அளப்பது ஒரு சிப். மின்னோட்டம் குறைந்தாலும் மின்னுவது நிற்காது. ஆனால் அதே சிப், மிகச் சிறிய மின்தடை ஒன்றின் வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதையும் கவனிக்கிறது. ஒரு பல்பு அறுந்தால் ஓட்டுநருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, மின்னோட்டம் குறைந்ததும் வேகத்தை இரட்டிப்பாக்கும். எல்.இ.டி.யைப் பார்த்ததும் அது பல்பு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறது. அதன் கடமையை அது ஒழுங்காகத்தான் செய்கிறது.

இந்த வேகத்தை அப்படியே விட்டுவிடக்கூடாது. ஐ.நா.வின் 48-ஆம் விதிமுறை நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னவேண்டும் என்கிறது. அமெரிக்காவிலும் இதே வரம்புதான். இரட்டை வேகத் துடிப்பு இந்த வரம்பைத் தாண்டிவிடும்.

சரியான பல்பைத் தேர்ந்தெடுப்பது

பழைய பல்பைக் கையில் எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். 15 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உலோக அடி, பக்கத்துக்கு ஒன்றாக நேர் எதிரே இரண்டு ஊசிகள், அடியில் ஒற்றைத் தொடுமுனை என்றால் அது பி21டபிள்யூ. அமெரிக்கக் கார்களில் இதன் உறவினரான 1156 இருக்கும். ஊசிகள் நேர் எதிரே இல்லாமல் 150 பாகையில் சற்று விலகியிருந்தால் அது பிஒய்21டபிள்யூ, செம்மஞ்சள் கண்ணாடி உள்ளது. வெள்ளைப் பல்பு தவறிப்போய்ச் செம்மஞ்சள் இடத்தில் நுழையக்கூடாது என்பதற்காகவே அந்த விலகல். இரண்டு ஊசிகளும் வேறு வேறு உயரத்தில், அடியில் இரண்டு தொடுமுனைகள் இருந்தால் இரட்டை இழை பல்பு: பி21/5டபிள்யூ அல்லது 1157. பக்கவாட்டு விளக்குகளில் உலோக அடியே இல்லாத சிறிய கண்ணாடிப் பல்பு இருக்கும். இதை டி10 என்று கேட்டால் கடையில் தருவார்கள்.

பிளாஸ்டிக் அடியுள்ள 3157 வகை இரட்டைப் பல்பு உங்கள் காரில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. இதன் ஹோல்டர்களில் எர்த் முனை (மின்சாரம் காரின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் முனை) இரண்டு விதமாக அமைந்திருக்கும். இழை பல்பு இரண்டிலும் வேலை செய்யும், எல்.இ.டி. பல்பைத் தவறான ஹோல்டரில் செருகினால் பியூஸ் போகும். எந்த வகை என்று மல்டிமீட்டரால் பார்த்த பிறகே வாங்குங்கள்.

அடுத்தது நிறம். செம்மஞ்சள் லென்ஸுக்குப் பின்னால் செம்மஞ்சள் எல்.இ.டி., சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி. இதில் பேரம் கிடையாது. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல ஒளி தரும் சிப்பின் மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசி உண்டாக்கிய வெள்ளை. செம்மஞ்சள் லென்ஸ் அந்த நீலத்தை முழுக்க வடிகட்டி எறிந்துவிடும்; மீதி வருவது வெளிறிய எலுமிச்சை நிறம். தெளிவான லென்ஸ் என்றால் செம்மஞ்சள் கட்டாயம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஒளி அளவைப் பொறுத்தவரை பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஆயிரக்கணக்கான லூமெனை நம்பாதீர்கள். ஒப்பிடுவதற்கு உண்மையான எண்கள் இவை: பி21டபிள்யூ 460 லூமென், பிஒய்21டபிள்யூ 280 லூமென். செம்மஞ்சள் கண்ணாடி விழுங்குவதுதான் இடையில் உள்ள வித்தியாசம். ஆகவே நேர்மையான 300 லூமென் தரும் செம்மஞ்சள் எல்.இ.டி. போதுமானது. அதைவிட முக்கியம், அந்த ஒளி எங்கிருந்து புறப்படுகிறது என்பது.

இழை பல்பில் ஒளி புறப்படுவது ஒரே ஒரு சிறு புள்ளியிலிருந்து. அது எல்லாத் திசையிலும் பரவி, ரிப்ளெக்டரில் பட்டு, முன்னோக்கிக் கற்றையாகப் போகிறது. எல்.இ.டி. பல்பின் நுனியில் மட்டும் ஒளி தரும் சிப்புகள் இருந்தால் ரிப்ளெக்டரில் ஒளியே விழாது. நேர் பின்னால் நிற்பவருக்குக் கண் கூசும், பக்கத்துத் தடத்தில் வருபவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கவாட்டுச் சிப்புகள் பழைய இழை இருந்த அதே உயரத்தில் சுற்றிலும் அமைந்திருக்கும் பல்பைத் தேடுங்கள். பழைய பல்பையும் புதிய பல்பையும் ஒன்றோடொன்று நிறுத்திப் பார்த்தால் உயரம் பொருந்துகிறதா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். மொத்த நீளமும் பழையதைவிட அதிகமாக இருக்கக்கூடாது, சில எல்.இ.டி.கள் லென்ஸில் முட்டும்.

‘கேன்பஸ்’ என்று எழுதிய பல்புகளில் (பல்பு போனதைக் கணினி கவனிக்கும் கார்களுக்கானவை) உள்ளேயே ஒரு மின்தடை இருக்கும். பழைய காருக்கு அது தேவையில்லை. சிறிய உறைக்குள் வெப்பத்தை அடைத்து வைப்பதால் சிப்புகள்தான் சீக்கிரம் கெடும்.

முதல் படி: இருப்பதை அளந்து, சுத்தம் செய்யுங்கள்

இதைப் பழைய பல்புகள் இருக்கும்போதே செய்யவேண்டும். எல்.இ.டி. போட்ட பிறகு அளந்தால் மின்னோட்டம் குறைவாக இருப்பதால் வயரிங்கின் குறை மறைந்துகொள்ளும்.

மின்னும் விளக்கில் மல்டிமீட்டரைப் படிக்க முடியாது. பிளாஷரைக் கழற்றி, அதன் சாக்கெட்டில் சப்ளை முனையையும் விளக்கு முனையையும் 10 ஆம்பியர் பியூஸ் வைத்த ஒரு சிறு வயரால் இணைத்துவிடுங்கள். இப்போது சுவிட்சைத் தள்ளினால் விளக்கு மின்னாமல் நிலையாக எரியும். முனைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அடுத்த படியில் இருக்கிறது.

விளக்கு எரியும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் உலோக உடலிலும், மற்றொன்றைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை கெட்டிருக்கிறது என்று பொருள். பழைய கார்களில் ஹோல்டர் ஒரு திருகின் வழியாக உடல் தகட்டில் எர்த் ஆகும். அந்தத் திருகுக்கு அடியில் பெயிண்டும் துருவும் சேர்ந்திருக்கும். கழற்றி, தகடு மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்குங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் ஹோல்டரிலிருந்து உடலுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுப்பதே மேல்.

ஹோல்டரின் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், பேட்டரியைக் கழற்றிய பிறகு. பச்சை நிறப் பொடி படிந்திருக்கும். அடியில் உள்ள தொடுமுனை ஸ்பிரிங் இல்லாமல் தொய்ந்து, பழைய பல்பின் ஈயப் பொட்டு அமுங்கிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். இழை பல்பின் ஈயப் பொட்டு மென்மையானது, இந்தப் பள்ளத்துக்கு ஏற்றபடி அமுங்கிக்கொள்ளும். எல்.இ.டி. பல்பின் முனை சில சமயம் அந்தப் பள்ளத்தைத் தொடாமலே நிற்கும். தொடுமுனையைச் சமன்செய்து, ஸ்பிரிங் இறந்திருந்தால் ஹோல்டரையே மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் படி: முதலில் பிளாஷர், பிறகே பல்பு

பலர் பல்புகளைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிளாஷருக்கு அலைவார்கள். வரிசையை மாற்றுங்கள். எல்.இ.டி.க்கு ஏற்ற எலெக்ட்ரானிக் பிளாஷர் மின்னோட்டத்தைச் சார்ந்து இயங்குவதில்லை. பழைய இழை பல்புகளையும் அதே வேகத்தில் மின்னவைக்கும். அதை முதலில் மாட்டி, பழைய பல்புகளோடு எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டால், பின்னால் தகராறு வரும்போது எங்கே தேடுவது என்று தெரியும்.

பிளாஷர் இருக்கும் இடம் காருக்குக் கார் மாறும்: பியூஸ் பெட்டி, ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கம், டேஷ்போர்டுக்குப் பின்னால். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு ஒலி வரும் இடத்தை விரலால் தடவினால் துடிப்பு கையில் தட்டுப்படும். ஹசார்ட் விளக்குக்கு (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் எச்சரிக்கை) தனிப் பிளாஷர் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். அமெரிக்கக் கார்கள் பலவற்றில் இரண்டு உண்டு, இரண்டையும் மாற்றவேண்டும்.

முனைகளின் பெயர்கள் இப்படி இருக்கும். ஐரோப்பிய வழக்கில் 49 என்றால் சப்ளை, 49ஏ என்றால் விளக்குக்குப் போவது, 31 என்றால் எர்த், சி என்றால் டேஷ்போர்டு விளக்கு. அமெரிக்க வழக்கில் எக்ஸ் சப்ளை, எல் விளக்கு, பி (P) டேஷ்போர்டு விளக்கு. ஜப்பானியக் கார்களில் பி (B) சப்ளை, எல் விளக்கு, இ எர்த். கவனியுங்கள், ‘பி’ இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வருகிறது. ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து, தமிழில் சொல்லும்போது குழம்பும். அதனால் எழுத்தை மட்டும் நம்பாமல் டெஸ்ட் லாம்பை (மின்சாரம் இருந்தால் எரியும் சிறு சோதனை விளக்கு) வைத்துப் பாருங்கள். பிளாஷரைக் கழற்றி, சாவியைத் திருப்பியதும் எந்த முனையில் மின்சாரம் இருக்கிறதோ அதுவே சப்ளை.

வெப்பப் பிளாஷருக்கு இரண்டு முனைகளே போதும், எர்த் தேவையில்லை. வயர்களை மாற்றி மாட்டினாலும் பலவற்றில் வேலை நடக்கும். எலெக்ட்ரானிக் பிளாஷரில் இது நடக்காது. அதன் சிப் இயங்கவே எர்த் வேண்டும். எனவே இரண்டு முனைப் பிளாஷருக்குப் பதிலாக வாங்கும்போது, உடலிலிருந்து தனியாக ஒரு எர்த் வயர் தொங்கும் வகையை வாங்குங்கள். அந்த வயரைப் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் திருகால் இறுக்குங்கள். எர்த் வயர் இல்லாத இரண்டு முனை வகைகள் பல்பு வழியாகவே எர்த்தைத் தேடும், எல்.இ.டி.யோடு சேரும்போது அவற்றின் நடத்தையைக் கணிக்க முடியாது.

மூன்று முனைப் பிளாஷர்களில் முனைகளின் வரிசையும் மாறும். சாக்கெட்டில் பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடாதீர்கள். புதியதன் அடியில் அச்சிட்டிருப்பதைச் சாக்கெட்டோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு விதிவிலக்குகள். உங்கள் கார் 6 வோல்ட் என்றால் 12 வோல்ட் பிளாஷரும் பல்பும் பயன்படாது. 1960-கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். அதில் சாதாரண எல்.இ.டி. எரியாது, சாதாரண எலெக்ட்ரானிக் பிளாஷர் கெட்டே போகலாம். பாசிட்டிவ் எர்த்துக்கென்று செய்த பொருள்கள் கிடைக்கின்றன. அவற்றையே கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: சில புதிய பிளாஷர்கள் சத்தமே இல்லாமல் இயங்கும். திரும்பிய பிறகும் இண்டிகேட்டரை மறந்துவிட்டு ஓட்டும் பழக்கம் யாருக்கும் வரலாம். ஒலி தரும் வகையை வாங்குவதே என் பரிந்துரை.

மூன்றாம் படி: பல்புகள், ஒரு பக்கம் மட்டும்

பழைய பல்புகளோடு பிளாஷர் சீராக மின்னுகிறது என்று தெரிந்ததும், வலப்பக்கம் மட்டும் எல்.இ.டி. போடுங்கள். இடப்பக்கத்தை அப்படியே விடுங்கள். காரணம் ஐந்தாம் படியில் வரும்.

உலோக அடியுள்ள பல்புகளுக்குத் திசை ஒன்றுதான், தவறாகச் செருக முடியாது. டி10 பல்புகளை இரண்டு விதமாகவும் செருகலாம். எரியவில்லை என்றால் கழற்றித் திருப்பிப் போடுங்கள், கெட்டுவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள். லென்ஸைத் திரும்ப மாட்டும் முன் ரப்பர் கேஸ்கெட்டைப் பாருங்கள். இழை பல்பின் சூடு விளக்குக்குள் புகும் ஈரத்தை உலர்த்திக்கொண்டிருந்தது, எல்.இ.டி. அந்த உதவியைச் செய்யாது. கேஸ்கெட் வெடித்திருந்தால் உள்ளே நீர் கோக்கும். பனி பெய்யும் நாடுகளில் லென்ஸில் படியும் பனியும் உருகாது, துடைத்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும்.

நான்காம் படி: டேஷ்போர்டில் ஒற்றை விளக்கு இருந்தால்

நான்கு மூலையும் சேர்ந்து மின்னும் மர்மம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து டேஷ்போர்டில் ஒரே ஒரு பச்சை விளக்கு உள்ள கார்களில், அந்த விளக்குக்கு எர்த் வயரே இல்லாமல் இருக்கலாம். ஒரு முனை இடப்பக்க வயரோடும், மறுமுனை வலப்பக்க வயரோடும் இணைந்திருக்கும். இடப்பக்கம் மின்னும்போது மின்சாரம் பச்சை விளக்கின் வழியாகப் போய், அணைந்திருக்கும் வலப்பக்கப் பல்புகளின் இழை வழியாக எர்த்தை அடையும். அந்தச் சொற்ப மின்னோட்டத்தில் 21 வாட் இழைக்குச் சூடுகூட ஏறாது. ஒரு வயரை மிச்சப்படுத்தச் செய்த சாமர்த்தியமான ஏற்பாடு.

அந்த இழைகளின் இடத்தில் எல்.இ.டி. வந்ததும் கணக்கு தலைகீழாகிறது. இப்போது அந்தச் சொற்ப மின்னோட்டமே எல்.இ.டி.யை எரியவைக்கப் போதும். பச்சை விளக்கு மங்கிப்போகும், எதிர்ப்பக்க இண்டிகேட்டர் சேர்ந்து மின்னும்.

உங்கள் கார் இந்த வகையா என்று அறிய, பச்சை விளக்கின் ஹோல்டரை வெளியே இழுத்து டெஸ்ட் லாம்பால் தொட்டுப் பாருங்கள். இடப்பக்கம் போடும்போது ஒரு முனையிலும், வலப்பக்கம் போடும்போது மறுமுனையிலும் துடிப்பு வந்தால் இந்த வகைதான். இரண்டுக்கும் ஒரே முனையில் துடிப்பு வந்தால் அது பிளாஷரின் தனி முனையிலிருந்து வருகிறது.

தீர்வு எளிது: மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4001 வகை டயோடு இரண்டு. ஒரு டயோடின் கோடில்லாத முனையை இடப்பக்க வயரோடும், மற்றொன்றின் கோடில்லாத முனையை வலப்பக்க வயரோடும் இணையுங்கள். கோடு போட்ட இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பச்சை விளக்கின் ஒரு முனைக்குக் கொடுங்கள். விளக்கின் மறுமுனையை எர்த் செய்துவிடுங்கள். எந்தப் பக்கம் போட்டாலும் விளக்கு எரியும், ஒரு பக்கத்து மின்சாரம் மறுபக்கம் போகாது. பாசிட்டிவ் எர்த் காரில் இரண்டு டயோடுகளையும் திருப்பிப் போடவேண்டும். பழைய பிளாஷரில் டேஷ்போர்டு விளக்குக்குத் தனி முனை இருந்து, புதியதில் இல்லையென்றாலும் இதே வழிதான். இணைப்புகளை ஈயத்தால் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடுங்கள்; டேஷ்போர்டுக்குப் பின்னால் முறுக்கிவிட்ட வயர்கள் நெடுநாள் நிற்காது.

டேஷ்போர்டு விளக்கை இழை பல்பாகவே விட்டுவிடுங்கள், மாற்றுவதால் லாபம் இல்லை. குறிப்பாகப் பக்கத்தில் இருக்கும் சார்ஜ் எச்சரிக்கை விளக்கில் கை வைக்காதீர்கள். பல ஆல்டர்னேட்டர்கள் மின்னாக்கத்தைத் தொடங்கத் தேவையான மின்னோட்டத்தை அந்தப் பல்பின் வழியாகத்தான் பெறுகின்றன, அங்கே எல்.இ.டி. போட்டால் பேட்டரி ஏறாமல் போகக்கூடும்.

அமெரிக்கக் கார்களில் இதேபோன்ற இன்னொரு சிக்கல்: பக்கவாட்டுக் குறிவிளக்கு, பார்க் விளக்கின் வயருக்கும் இண்டிகேட்டர் வயருக்கும் இடையில் கட்டப்பட்டிருக்கும். அதுவும் முன்பக்க இழை வழியாகத்தான் எர்த் தேடுகிறது. குறிவிளக்குக்குத் தனி எர்த் கொடுத்தால் பார்க் விளக்காக ஒழுங்காக எரியும், இண்டிகேட்டரோடு மின்னும் பழைய வழக்கம் மட்டும் போய்விடும்.

ஐந்தாம் படி: வெளியே நின்று பாருங்கள்

இதைத்தான் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள். விளக்கு மின்னுகிறது என்றதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள்.

நல்ல வெயிலில் காரை நிறுத்தி ஹசார்டைப் போடுங்கள். ஒரு பக்கம் எல்.இ.டி., மறுபக்கம் இழை; இரண்டும் ஒரே நேரத்தில் மின்னும். முதலில் கண்ணில் படுவது, இழை பல்பு மெதுவாக ஏறி மெதுவாக மங்குவதும், எல்.இ.டி. வெட்டிவிட்டதுபோல் அணைவதும். அதில் மயங்கிவிடாமல் பதினைந்து அடி முதல் ஐம்பது அடி வரை பின்னால் போய்ப் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் நடந்து வாருங்கள். 48-ஆம் விதிமுறைப்படி முன், பின் இண்டிகேட்டர்கள் வெளிப்பக்கம் 80 பாகை வரையிலும், உட்பக்கம் 45 பாகை வரையிலும் தெரியவேண்டும். 80 பாகை என்பது கிட்டத்தட்ட காரின் பக்கவாட்டிலேயே நிற்பதற்குச் சமம். தடம் மாறும்போது உங்கள் இண்டிகேட்டரைப் பார்க்கவேண்டிய மோட்டார் சைக்கிள்காரர் இருக்கும் இடம் அதுதான். அங்கே நின்று பார்க்கும்போது எல்.இ.டி. பக்கம் மங்கலாகத் தெரிந்தால், அந்தப் பல்பு உங்கள் விளக்குக்கு ஏற்றதல்ல. வேறு அமைப்புள்ள பல்பைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் இழை பல்புக்குத் திரும்புங்கள். புதிய பிளாஷர் அதற்கும் வேலை செய்யும் என்பதால் எதுவும் வீணாகாது.

இரட்டை இழை இடத்தில் எல்.இ.டி. போட்டிருந்தால் இரவிலும் ஒரு சோதனை தேவை. பி21/5டபிள்யூ பல்பின் பெரிய இழை (இண்டிகேட்டருக்கு) 440 லூமென், சிறியது (பார்க் விளக்குக்கு) 35 லூமென். பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். மலிவான எல்.இ.டி.களில் இந்த வித்தியாசம் இரண்டு மூன்று மடங்குதான் இருக்கும். பார்க் விளக்கு எரியும்போது இண்டிகேட்டர் மின்னுவதே தெரியாது. அப்படிப்பட்ட பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு சோதனையிலும் தேறினால் இடப்பக்கத்தையும் மாற்றலாம்.

லோடு ரெசிஸ்டர் பற்றி

பிளாஷரை மாற்றுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு பல்போடும் ஒரு 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை (மின்தடை) பக்க இணைப்பாகக் கட்டச் சொல்பவர்கள் உண்டு. பிளாஷரை ஏமாற்ற இது உதவும். 13.5 வோல்ட்டில் அது 2.25 ஆம்பியர் இழுத்து 30 வாட் வெப்பத்தை உமிழும், எல்.இ.டி. மிச்சப்படுத்தியது எல்லாம் அங்கே போய்விடும். பழைய வயரிங்கின் சுமையைக் குறைக்கலாம் என்ற காரணமும் அடிபட்டுப்போகும். தொட்டால் கை பொசுங்கும் அளவுக்குச் சூடாகும். ஹசார்டைப் போட்டு நிறுத்திவிட்டுப் போனால் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கும் வயர் உறையும் உருகும்.

பிளாஷர், கார் கணினியோடு சேர்ந்திருந்து மாற்ற வழியில்லாத கார்களில் மட்டும் இதற்கு நியாயம் உண்டு. கட்டியே ஆகவேண்டும் என்றால் வெற்று உலோகத் தகட்டில் திருகால் பொருத்துங்கள். பசை நாடா, பிளாஸ்டிக் டை எதுவும் உதவாது. பெயிண்ட் பூசிய கதவுத் தகட்டின் உள்பக்கத்திலும், கார்பெட்டுக்கு அடியிலும் வேண்டவே வேண்டாம்.

தகராறு வந்தால்

மின்னாமல் நிலையாக எரிகிறது: பிளாஷரின் எர்த் வயர் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது பழைய வெப்பப் பிளாஷரே இன்னும் சுற்றில் இருக்கிறது. எதுவுமே எரியவில்லை: சப்ளை, விளக்கு முனைகள் இடம் மாறியிருக்கின்றன. ஹசார்டில் மட்டும் தகராறு: தனிப் பிளாஷர் எங்கேயோ ஒளிந்திருக்கிறது.

பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தால் பின்விளக்குத் தொகுதியின் எர்த் கெட்டிருக்கிறது. பிரேக் பல்பின் மின்சாரம் வழி கிடைக்காமல் பக்கத்து விளக்கு வழியாகத் திரும்புகிறது. இரு திசையிலும் எரியும் வகை எல்.இ.டி.களில் இது பளிச்சென்று தெரியும். முதல் படிக்குத் திரும்பிப் போய் எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

இண்டிகேட்டர் போட்டதும் ரேடியோவில் இரைச்சல் வந்தால் பல்புக்குள் இருக்கும் மலிவான மின்சுற்றுதான் காரணம். வேறு தயாரிப்பைப் போடுவதைத் தவிர வழி இல்லை. டிரெய்லர் இழுப்பவர்கள் பிளாஷர் வாங்கும்போதே அதன் உச்ச வாட் அளவைப் பார்க்கவேண்டும், டிரெய்லரின் இழை பல்புகளும் அதன் மேல்தான் ஏறும்.

புதிய பிளாஷர் எந்தச் சுமைக்கும் ஒரே வேகத்தில் மின்னும் என்பதால், ஒரு பல்பு போனாலும் இனி உள்ளே இருந்தபடி உங்களுக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை ஹசார்டைப் போட்டுவிட்டு காரைச் சுற்றி வந்து பாருங்கள். பழைய பிளாஷரையும் ஒரு ஜோடி இழை பல்புகளையும் டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். வழியில் ஏதாவது கெட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.